கோர் ஜிபிஏ 2.3-ஐத் தொடாத பையனுக்கு எந்தக் கல்லூரி வழி?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் என்றாலே லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம், டிவி ஒப்பந்தம், ஆட்டக்காரருக்குக் கொட்டும் பணம் என்றுதான் பேச்சு ஓடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழையும் பையனின் வீட்டில் ஓட வேண்டிய பேச்சு வேறு. கோச் கூப்பிட்டுவிட்டார், கேம்பஸுக்கு வரச் சொல்லிவிட்டார், ‘ஆஃபர்’ என்றும் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். டிரான்ஸ்கிரிப்டிலோ கோர் பாடங்களின் சராசரி 2.1-ல் நிற்கிறது.

இங்கிருந்து ஆறு வழி பிரிகிறது. கடைசி ஆண்டில், கல்லூரி விளையாட்டின் மேல்தளமான டிவிஷன் 1 கேட்கும் 2.3-க்கு ஏறி அங்கே நேராகப் போகலாம். ஏற முடியாவிட்டால் அங்கேயே அகாடமிக் ரெட்ஷர்ட்டாக, அதாவது முதல் ஆண்டு ஆட்டம் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்பவராக, சேரலாம். அடுத்த தளமான டிவிஷன் 2, பெரும்பாலும் சிறிய கல்லூரிகளின் தனிச் சங்கமான என்ஏஐஏ, இரண்டாண்டு ஜூனியர் காலேஜ், பள்ளிக்குப் பின் ஒரு வருடம் தங்கி ஆடும் ப்ரெப் ஸ்கூல் என்று நான்கு வெளி வழிகளும் உண்டு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முதல் வழி திறந்திருக்கும்வரை அதைத்தான் துரத்த வேண்டும். அது மூடிவிட்டால் பெரும்பாலான பையன்களுக்கு டிவிஷன் 2 அல்லது என்ஏஐஏ. ஜூனியர் காலேஜ், ஊரில் பேசிக்கொள்வதைவிடக் கடினமான பாதை. ப்ரெப் வருடத்துக்குப் பணம் கட்ட இன்று காரணம் மிகக் குறைவு.

முதலில் எண்ணைச் சரியாகப் போடுங்கள்

ரிப்போர்ட் கார்டில் இருக்கும் ஜிபிஏ இங்கே செல்லாது. டிவிஷன்களை நடத்தும் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின், தகுதியைப் பார்க்கும் எலிஜிபிலிட்டி சென்டர் 16 கோர் பாடங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தனியாகக் கணக்கிடும். டிவிஷன் 1-க்கு ஆங்கிலம் 4, கணிதம் 3 (அல்ஜீப்ரா 1-க்குக் கீழே எதுவும் எடுபடாது), அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2. மீதி 4 இவற்றிலிருந்தோ, வேற்றுமொழி, தத்துவம் போன்றவற்றிலிருந்தோ வரலாம். வெயிட் டிரெய்னிங், பேண்டு, சமையல் வகுப்பு எல்லாம் ரிப்போர்ட் கார்டைத் தூக்கிக் காட்டும், கோர் கணக்கில் பூஜ்யம். ரிப்போர்ட் கார்டில் 2.9, கோரில் 2.1 என்று இருப்பது அபூர்வமே அல்ல. அந்த 2.9-ஐ நம்பித்தான் பல வீடுகள் பன்னிரண்டாம் வகுப்பின் ஜனவரி வரை நிம்மதியாகத் தூங்குகின்றன.

கணக்கில் சில நுணுக்கங்கள். ஏ 4, பி 3, சி 2, டி 1. பிளஸ், மைனஸ் பார்ப்பதில்லை. பி மைனஸும் பி பிளஸும் ஒன்றே, ஆகவே சி பிளஸில் இருக்கும் பாடத்தை ஒரு படி ஏற்றினாலே முழுப் புள்ளி கிடைக்கும். எழுத்து கிரேடு இல்லாமல் ‘பாஸ்’ என்று மட்டும் போட்டால், அந்தப் பள்ளியில் தேறுவதற்கான ஆகக் குறைந்த கிரேடாக, பெரும்பாலும் டி-யாக, எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் அரை யூனிட்டாகத் தனித்தனியே எண்ணப்படும். பாடத்தின் பெயர், பள்ளி என்சிஏஏவிடம் ஒப்புதல் வாங்கி வைத்திருக்கும் பட்டியலில் இருக்க வேண்டும். பள்ளியின் ஆறு இலக்க சிஇஇபி எண்ணைப் போட்டு எலிஜிபிலிட்டி சென்டர் தளத்தில் அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம். டிரான்ஸ்கிரிப்டில் ‘இன்டக்ரேட்டட் சயின்ஸ்’, பட்டியலில் வேறு பெயர் என்றால் கவுன்சிலரைக் கொண்டு இப்போதே சரிசெய்ய வேண்டும். ஜூன் மாதத்தில் சரிசெய்ய ஆள் கிடைக்காது.

ஒன்பதாம் வகுப்பைச் சென்னையிலோ கோவையிலோ படித்துவிட்டு அமெரிக்கா வந்த பையன் என்றால், அந்த ஆண்டும் கணக்கில் சேரும். பதிவு செய்யும்போது ஒன்பதிலிருந்து படித்த எல்லாப் பள்ளிகளையும் எழுதியாக வேண்டும். ஊரிலிருந்து ஆண்டுவாரியான மதிப்பெண் சான்றிதழை வாங்கி வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இது கடைசி நிமிட வேலை அல்ல.

அடுத்தது, வீடுகளில் பலருக்கும் தெரியாத பூட்டு. டிவிஷன் 1-க்கு, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் 16-ல் 10 கோர் முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7, ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். அந்தப் பத்தின் கிரேடுகள் அத்தோடு உறைந்துவிடும். பிறகு திரும்பப் படித்து ஏற்றினாலும் அவை மாறா. பத்தை எட்டாதவருக்கு, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், அகாடமிக் ரெட்ஷர்ட்தான் உச்சம்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பதினொன்றாம் வகுப்பு முடிவில் 12 கோர் யூனிட், 25 புள்ளி. சராசரி 2.08. பதினாறு யூனிட்டுக்கு 2.3 என்றால் 36.8 புள்ளி, அதாவது நடைமுறையில் 37. மீதி நான்கு பாடங்களில் 12 புள்ளி வேண்டும். நான்கிலும் பி வாங்கினால் 37-ஐ 16-ஆல் வகுக்க 2.31, தகுதி கிடைத்துவிட்டது. நான்கில் ஒன்று சி ஆகிவிட்டால் 36 புள்ளி, 2.25. டிவிஷன் 1-ல் அந்த ஆண்டு ஆட முடியாது. அதே 2.25 டிவிஷன் 2-க்கு முழுத் தகுதி, ஏனென்றால் அங்கே கோடு 2.2. ஒரே ஒரு சி, இரண்டு வேறு வாழ்க்கை.

நான்கிலும் பி வராது என்று தோன்றினால் புள்ளியை வேறு இடத்தில் தேட வேண்டும். டிரான்ஸ்கிரிப்டைக் கையில் எடுத்து டி-யாக இருக்கும் செமஸ்டர்களைத் தேடுங்கள். பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரி இரண்டாம் செமஸ்டர் டி, ஸ்பானிஷ் முதல் செமஸ்டர் டி என்று இரண்டு அரை யூனிட் கிடைக்கும் என்று வையுங்கள். இரண்டையும் திரும்பப் படித்து பி வாங்கினால் மொத்தம் இரண்டு புள்ளி ஏறுகிறது. இதைச் செய்ய ஏற்ற நேரம் பதினொன்றாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் வரும் கோடை. அந்தக் கோடையில் முடிக்கும் வகுப்பு பூட்டு விழுவதற்கு முன் கணக்கில் சேரும். ஃபுட்பால் கேம்புகள் குவிவதும் அதே ஜூன், ஜூலையில்தான். கேம்பில் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு வேகம் கூட்டிக் காட்டுவதைவிடக் கெமிஸ்ட்ரி பி அந்தப் பையனுக்கு அதிக ஆஃபர் கொண்டுவரும். சொன்னால் எந்தப் பதினேழு வயதுக்காரனும் நம்ப மாட்டான். அப்பா அம்மாதான் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

கோடை வகுப்பை ஆன்லைனில் எடுப்பதில் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஆசிரியரோடு தொடர்ந்த தொடர்பு, குறித்த கால அளவு, வழக்கமான வகுப்புக்கு ஈடான பாடத்திட்டம் இல்லாத கிரெடிட் ரெகவரி (தவறிய பாடத்தை மீட்கும்) வகுப்பை என்சிஏஏ ஏற்காது. ஒரு காலத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் தபால்வழிப் பாடங்களில் சேர்ந்து அவசரமாக கிரேடு ஏற்றிக்கொள்வது வழக்கமாக இருந்தது. 2010-ல் அந்தக் கதவை என்சிஏஏ மூடியது. இன்று பெயர் மாறியிருக்கிறது, ஆசை மாறவில்லை. பணம் கட்டும் முன் அந்த வகுப்பு, அதை நடத்தும் பள்ளியின் ஒப்புதல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிவிஷன் 1: நேராகவும் ரெட்ஷர்ட்டாகவும்

எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்ணை 2023 ஜனவரியில் என்சிஏஏ தகுதிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. அதற்கு முன் குறைந்த ஜிபிஏவை உயர்ந்த தேர்வு மதிப்பெண்ணால் ஈடுகட்டும் சறுக்கு அட்டவணை இருந்தது. இப்போது தேர்வு எழுதி மீள வழியில்லை, கோர் ஜிபிஏ ஒன்றுதான் வாசல். 2.3-க்கு மேல் இருந்தால் முதல் ஆண்டிலேயே ஆடலாம், பயிற்சி செய்யலாம், உதவித்தொகை பெறலாம். 2.0-க்கும் 2.299-க்கும் நடுவில் இருந்தால் அகாடமிக் ரெட்ஷர்ட். 2.0-க்கும் கீழே இருந்தால் முதல் ஆண்டில் ஆட்டம் இல்லை, பயிற்சி இல்லை, விளையாட்டு உதவித்தொகையும் இல்லை.

அகாடமிக் ரெட்ஷர்ட் என்பது தாளில் நல்ல ஏற்பாடு. முதல் ஆண்டு உதவித்தொகை உண்டு. முதல் செமஸ்டரில் அணியோடு பயிற்சி உண்டு. அந்தச் செமஸ்டரில் 9 கிரெடிட் தேறினால் இரண்டாம் செமஸ்டரிலும் பயிற்சி தொடரலாம். ஆட்டம் மட்டும் கிடையாது. மறுஆண்டு வழக்கமான விதிகளைச் சந்தித்தால் களத்தில் இறங்கலாம்.

சிக்கல் கோச்சின் பக்கம். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரிகள் ஆட்டக்காரருக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தபின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஃபுட்பாலில் 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய வரம்பு போய் 105 பேர் என்ற அணி வரம்பு வந்தது. முன்பு 120, 130 பேர் இருந்த அணிகளில் ஒரு வருடம் பெஞ்சில்கூட உட்கார முடியாத ஆளைச் சுமக்க இடம் இருந்தது. இன்று நெருக்கடி. போதாக்குறைக்கு, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். 2024 ஏப்ரலிலிருந்து படிப்பில் தகுதியுள்ள ஆட்டக்காரர் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம். பதினெட்டு வயது ரெட்ஷர்ட்டை வளர்ப்பதற்குப் பதில் இருபத்தொரு வயதில் இரண்டு சீசன் ஆடிய லைன்மேனைப் போர்ட்டலிலிருந்து எடுப்பதே கோச்சுக்கு லாபம். ஆகவே அகாடமிக் ரெட்ஷர்ட் ஆஃபர் என்பது, அதை எழுத்தில் காட்டும்வரை வெறும் பேச்சுதான்.

இன்னொன்று, டிவிஷன் 1-ல் கடிகாரம் நிற்காது. முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து காலண்டர் ஆண்டுக்குள் நான்கு சீசன் என்பதுதான் அடிப்படை விதி. சாதாரண ரெட்ஷர்ட்டுக்கு ஆண்டில் நான்கு ஆட்டம்வரை ஆடியும் சீசனைக் காப்பாற்றிக்கொள்ளும் சலுகை 2018 முதல் இருக்கிறது. அகாடமிக் ரெட்ஷர்ட் முதல் ஆண்டிலேயே அந்த உபரி ஆண்டைச் செலவழித்துவிடுகிறார். மூன்றாம் ஆண்டில் முழங்கால் தசைநார் கிழிந்தால் கையில் மிச்சம் இல்லை.

‘கிரேஷர்ட்’ என்று ஒரு கோச் சொன்னால் அது வேறு சமாச்சாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இலையுதிர்காலத்தில் 12 கிரெடிட்டுக்குக் கீழே பகுதிநேரமாகப் படித்துவிட்டு ஜனவரியில் முழுநேரமாகச் சேர்வது. கடிகாரம் தொடங்காது, ஆனால் கோர் ஜிபிஏவில் ஒரு புள்ளியும் ஏறாது. அது கோச்சின் இடநெருக்கடிக்கு மருந்து, பையனின் மதிப்பெண்ணுக்கு அல்ல.

டிவிஷன் 2-ம் என்ஏஐஏவும்

டிவிஷன் 2 என்றதும் பையன்களின் முகம் சுருங்குகிறது. அங்கிருந்து மேலே போக முடியாது என்ற எண்ணம். ஆடம் தீலன் மினசோட்டா ஸ்டேட் மான்கேட்டோவிலிருந்தும், கைல் டகர் லெனாய்ர்-ரைனிலிருந்தும் தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போனவர்கள். இரண்டும் டிவிஷன் 2. எல்லாரும் அப்படிப் போவார்கள் என்று சொல்ல வரவில்லை. முதல் ஆண்டிலேயே களத்தில் இறங்கி, நல்ல வீடியோ சேர்த்து, கிரெடிட்டும் சேர்த்துக்கொண்டு பிறகு போர்ட்டலில் நுழைபவர், வேறு எங்கோ ஒரு வருடம் சும்மா இருந்தவரைவிட நல்ல நிலையில் இருப்பார் என்பதுதான் விஷயம்.

இங்கேயும் 16 கோர்தான், பங்கீடு இளகியது: ஆங்கிலம் 3, கணிதம் 2, அறிவியல் 2, இந்த மூன்றிலும் சேர்த்துக் கூடுதலாக 3, சமூக அறிவியல் 2, மற்றவை 4. பத்து பாடப் பூட்டு கிடையாது. பள்ளி முடித்த பிறகும், கல்லூரியில் முழுநேரமாகச் சேரும்வரை கோர் பாடம் படித்துச் சேர்க்கலாம். மே மாதம் 2.15-ல் பள்ளியை முடித்த பையனுக்குக் கோடையில் ஒரு வகுப்பு எடுத்து 2.2-ஐத் தாண்ட வாய்ப்பு உண்டு. 2.2-ஐத் தொடாமல் நின்றால் பகுதித் தகுதி: உதவித்தொகையும் பயிற்சியும் உண்டு, முதல் ஆண்டு ஆட்டம் இல்லை. கடிகாரமும் வேறு மாதிரி. ஐந்து காலண்டர் ஆண்டு அல்ல, முழுநேரமாகப் படித்த பத்து செமஸ்டர். ஒரு செமஸ்டர் வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்தினால் அது கணக்கில் ஓடாது.

குறை பணத்தில்தான். டிவிஷன் 2 அணி ஒன்றுக்கு 36 முழு ஸ்காலர்ஷிப்புக்கு ஈடான தொகைதான் வரம்பு. அதை நூறு பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். 36-ஐயும் நிரப்பப் பணமில்லாத கல்லூரிகளும் உண்டு. ஆகவே ‘ஆஃபர் வந்திருக்கிறது’ என்பது பாதித் தகவல்கூட இல்லை. ஆண்டுச் செலவு 26,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு உதவி 6,000, குறைந்த வருமானக் குடும்பத்துக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் அதிகபட்சமாக 7,395, படிப்புக்கும் மாநிலத் திட்டத்துக்குமாக 4,000 என்று கூட்டினாலும் வீடு கட்ட வேண்டியது 8,605. தொகையைச் சதவீதத்தில் சொல்லும் கோச்சிடம் எதன் சதவீதம் என்று கேளுங்கள். ‘ஐம்பது சதவீதம்’ என்பது டியூஷனில் பாதியா, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் உட்பட மொத்தத்தில் பாதியா என்பதில் ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம் இருக்கிறது.

என்ஏஐஏவில் வாசல் இன்னும் அகலம். அங்கே கோர் பாடம் என்ற பேச்சே இல்லை, பள்ளியின் மொத்த ஜிபிஏதான். 2.3 இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் மூன்றில் இரண்டு: மொத்த ஜிபிஏ 2.0, வகுப்பில் மேல்பாதியில் இடம், ஏசிடி 18 அல்லது எஸ்ஏடி 970. மேலே ரிப்போர்ட் கார்டில் 2.9, கோரில் 2.1 என்று சொன்ன பையன் இங்கே எந்தத் தடையும் இல்லாமல் முதல் நாளே ஆடலாம். மார்னிங்சைட், கைசர் போன்ற அணிகளின் ஆட்டத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தவர்கள் இதைத் தாழ்ந்த தளம் என்று சொல்ல மாட்டார்கள். வரம்பு 24 முழு ஸ்காலர்ஷிப். பெரும்பாலும் சிறிய தனியார் கல்லூரிகள், ஆகவே பட்டியல் கட்டணம் பயமுறுத்தும். விளையாட்டுத் தொகையைவிடப் படிப்புச் சலுகைதான் அங்கே பில்லைக் குறைக்கிறது.

இரண்டில் எது? கோர் 2.2-க்கு மேல், வீட்டருகே மாநில அரசின் டிவிஷன் 2 கல்லூரி இருக்கிறது என்றால் அதுதான். டெக்சஸில் ஏஞ்சலோ ஸ்டேட், வெஸ்ட் டெக்சஸ் ஏ அண்டு எம் மாதிரி. கோர் 2.2-க்குக் கீழே, மொத்த ஜிபிஏ நன்றாக இருக்கிறது, முதல் ஆண்டே ஆட வேண்டும் என்றால் என்ஏஐஏ. பெயருக்காக டிவிஷன் 2-ல் பகுதித் தகுதியோடு ஒரு வருடம் வெளியே உட்காருவதில் அர்த்தம் தெரியவில்லை.

டிவிஷன் 3-ல் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, சேர்க்கை கல்லூரியின் விருப்பம். ஐவி லீகும் தேவை அடிப்படையிலான உதவி மட்டும்தான் தரும். இவை நன்றாகப் படிக்கும் பையனின் பட்டியலில் வருபவை.

ஜூனியர் காலேஜ்: சொல்லப்படும் கதையும் விதியும்

பின்னாளில் என்எஃப்எல் நட்சத்திரங்களான இருவரில் ஆரன் ராட்ஜர்ஸ் கலிபோர்னியாவின் பியூட் காலேஜில் தொடங்கினார், கேம் நியூட்டன் டெக்சஸின் பிளின் காலேஜில் ஆடினார் என்று எல்லா ஜூனியர் காலேஜ் கோச்சும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இருவருமே படிப்புத் தகுதி இல்லாமல் அங்கே போனவர்கள் அல்லர். ராட்ஜர்ஸுக்கு டிவிஷன் 1 ஆஃபர் வரவில்லை, பள்ளி மதிப்பெண் நன்றாக இருந்தது. அதனால்தான் ஒரே ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற முடிந்தது. நியூட்டன் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர். தகுதி பெற்ற பையனுக்கு ஜூனியர் காலேஜ் ஒரு குறுக்குச் சந்து. தகுதி பெறாதவனுக்கு அது முழு நீள நெடுஞ்சாலை.

கோர் 2.0-க்குக் கீழே முடித்தவர் ஜூனியர் காலேஜிலிருந்து டிவிஷன் 1-க்குப் போக வேண்டுமானால்: குறைந்தது மூன்று முழுநேரச் செமஸ்டர், அசோசியேட் டிகிரி, மாற்றத்தக்க 48 கிரெடிட், அதில் ஆங்கிலம் 6, கணிதம் 3, இயற்கை அறிவியல் 3, சராசரி 2.5. கடைசி எண்ணைத் திரும்பப் பாருங்கள். பள்ளிக்கூட அல்ஜீப்ராவில் 2.0 வராத பையன் காலேஜ் அல்ஜீப்ரா உட்பட 2.5 வாங்க வேண்டும். விடுதியில் தனியாக, காலை ஐந்தரை மணிப் பயிற்சிக்குப் பிறகு, பள்ளிக் கவுன்சிலரும் அம்மாவும் பக்கத்தில் இல்லாமல். 2.0-க்கும் 2.3-க்கும் நடுவில் முடித்தவரின் நிபந்தனைகளை, போக நினைக்கும் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

எங்கே சறுக்குகிறது என்றால், முதலில் பிளேஸ்மென்ட் தேர்வில். சேரும் நாளில் எழுதும் அதில் குறைந்தால் அடிப்படைக் கணிதம், அடிப்படை ஆங்கிலம் என்று பாலம் போடும் வகுப்புகளில் உட்கார வைப்பார்கள். அவற்றுக்கு டிகிரி கிரெடிட் இல்லை. முதல் செமஸ்டரில் 12 கிரெடிட் படித்ததாகப் பையன் சொல்வான், மாற்றத்தக்கது 6 ஆக இருக்கும்.

அடுத்து, பட்டம் வாங்கும் மாதம். டிசம்பரில் பட்டம் வாங்கி வெளியேறும் ஆட்டக்காரரைத்தான் பெரிய கல்லூரிகள் விரும்புகின்றன, ஜனவரியில் சேர்ந்து வசந்தகாலப் பயிற்சியில் இறங்கலாம் என்பதால். அசோசியேட் டிகிரி சுமார் 60 கிரெடிட். மூன்று செமஸ்டரில் தலா 16 என்றால் 48, மீதி 12-ஐக் கோடையில் எடுத்தாக வேண்டும். முதல் செமஸ்டரில் ஒரு வகுப்பைப் பாதியில் விட்டாலே டிசம்பர் கைநழுவி மே ஆகிவிடும். மே மாதம் வரும்போது அந்த இடத்தில் போர்ட்டலிலிருந்து ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

இதையெல்லாம் தாண்டியவரையும் மடக்குவது சதவீத விதி. டிவிஷன் 1-ல் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைபவர் தேர்ந்தெடுத்த பட்டத்தில் 40 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டத்தில் 48. ஜூனியர் காலேஜில் வாங்கிய 62 கிரெடிட்டையும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதில் 20 எலெக்டிவ் என்று போய் நிற்கும். பையன் விரும்பிய பிசினஸ் பட்டத்தில் 42-தான் பொருந்துகிறது என்றால், கோச் சிரித்துக்கொண்டே ‘பொதுக் கல்வி’ மாதிரி எல்லாக் கிரெடிட்டையும் விழுங்கும் ஒரு பட்டத்தைக் காட்டுவார். விளையாட்டு வீரர்கள் ஒரே துறையில் குவிவதற்கு இந்த விதியே ஒரு காரணம். அந்தச் சரிவின் அடியாழத்தை வட கரோலினா பல்கலைக்கழகம் சாப்பல் ஹில்லில் காட்டியது. 1993 முதல் 2011 வரை 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆசிரியரே இல்லாத காகித வகுப்புகளில் கிரேடு வாங்கினார்கள் என்று 2014 அறிக்கை சொன்னது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் விளையாட்டு வீரர்கள்.

ஜூனியர் காலேஜ் ஆண்டுகளும் டிவிஷன் 1 கடிகாரத்தில் ஓடும் என்பது நெடுநாள் விதி. வேண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆட்டக்காரர் டியாகோ பாவியா, நியூ மெக்சிகோ மிலிட்டரி இன்ஸ்டிட்யூட் என்ற ஜூனியர் காலேஜில் ஆடிய ஆண்டுகளை எண்ணக்கூடாது என்று வழக்குப் போட்டு 2024 டிசம்பரில் இடைக்கால ஆணை பெற்றார். என்சிஏஏவும் அதே நிலையில் இருந்தவர்களுக்கு 2025-26-க்கு விலக்குக் கொடுத்தது. ஒரு நீதிமன்ற ஆணையை வைத்துப் பதினேழு வயதுப் பையனின் ஐந்தாண்டுத் திட்டம் போடக்கூடாது.

செலவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவின் சமூகக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகையே தருவதில்லை. மிசிசிப்பி, கான்சஸ், டெக்சஸ் பக்கம் தருகிறார்கள். கோர் 2.0-க்கு வெகு கீழே, மொத்த ஜிபிஏவும் குறைவு, ஆனால் ஆட்டம் உண்மையிலேயே உயர்தரம் என்ற பையனுக்குப் பெரும்பாலும் ஜூனியர் காலேஜ்தான் மிச்சம் இருக்கும் வழி. மற்றவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் டிவிஷன் 1 என்ற பெயர் மேல் உள்ள மோகத்தால்.

ப்ரெப் வருடம்

வர்ஜீனியாவின் ஃபோர்க் யூனியன் மிலிட்டரி அகாடமி மாதிரி இடங்களில் பள்ளிக்குப் பின் ஒரு வருடம் தங்கி ஆடும் வழக்கம் பழையது. பின்னாளில் என்எஃப்எல்லில் ஆடிய எடி ஜார்ஜ் அங்கிருந்து ஒஹாயோ ஸ்டேட் போனவர். அன்று அதற்கு ஒரு பயன் இருந்தது: அந்த வருடத்தில் எஸ்ஏடி திரும்ப எழுதி மதிப்பெண்ணைக் கூட்டலாம். தேர்வே போய்விட்ட இன்று, பள்ளியை நேரத்தோடு முடித்தவர் அதன்பின் டிவிஷன் 1 கணக்கில் சேர்க்கக்கூடியது ஒரே ஒரு கோர் யூனிட். மேலே சொன்ன 36 புள்ளிப் பையன் அந்த ஒரு யூனிட்டில் ஒரு சி-க்குப் பதில் பி வாங்கினால் 37 ஆகிவிடும், சரிதான். ஆனால் அதே ஒரு யூனிட்டைக் கோடையில் சில நூறு டாலரில் முடிக்கலாம். உடம்பு வளர இன்னும் ஒரு வருடம் வேண்டும், வீட்டில் பணமும் இருக்கிறது என்றால் போகட்டும். மதிப்பெண்ணுக்காக என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

விசாவில் இருக்கும் குடும்பத்துக்கு

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பையனுக்கு, ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பம் வழி வரும் பெல் கிராண்ட் கிடையாது. ஆகவே மேலே போட்ட டிவிஷன் 2 கணக்கில் 7,395 அடிபடும். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், கல்லூரி நடுவிலேயே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். ஆட்டக்காரரின் பெயர், புகைப்படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தரும் பணமும், கல்லூரிகள் இப்போது நேரடியாகப் பங்கிடும் பணமும் இந்த விசாக்களில் வேலைவாய்ப்பு விதியோடு மோதலாம். குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. இந்தக் குடும்பங்களுக்குப் படிப்புச் சலுகை தாராளமாகத் தரும் என்ஏஐஏ கல்லூரி பல நேரம் கணக்கில் முந்திவிடும்.

கோச்சிடம் கேட்க வேண்டியது

வாய்மொழி ஆஃபர் இரு பக்கத்தையும் கட்டாது. எழுத்தில் உதவித்தொகை ஆஃபர் பன்னிரண்டாம் வகுப்பின் ஆகஸ்ட் 1-க்கு முன் தரக்கூடாது. கல்லூரியில் சேர்வதாக மாணவர் கையெழுத்திட்டு வந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டு, உதவித்தொகை ஒப்பந்தமே கையெழுத்துப் பத்திரம் ஆகிவிட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் முதல் கையெழுத்துக் காலம், பிப்ரவரியில் அடுத்தது. பிப்ரவரி வரை காத்திருங்கள் என்று சொல்லும் கோச், பெரும்பாலும் ஜனவரிப் போர்ட்டலில் யார் கிடைக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறார்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘என் மகனை உங்கள் ஐஆர்எல்-இல் போட்டுவிட்டீர்களா?’ கல்லூரி தன் கோரிக்கைப் பட்டியலில் பெயரைச் சேர்த்தால்தான் எலிஜிபிலிட்டி சென்டர் அந்த மாணவரின் இறுதி மதிப்பீட்டைத் தொடங்கும். செலவு கொடுத்து அழைக்கும் அஃபிஷியல் விசிட்டுக்கும் அது முன்நிபந்தனை. ஆறு மாதமாகத் தினமும் மெசேஜ் அனுப்பும் கோச் இதைச் செய்யவில்லை என்றால், அவர் பட்டியலில் பையனின் இடம் எங்கே என்று புரிந்துகொள்ளலாம். இரண்டாவது கேள்வி: டிரான்ஸ்கிரிப்டைக் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் பார்த்ததா, கோச் மட்டும் பார்த்தாரா? கோச்சுக்கு மொத்த ஜிபிஏதான் கண்ணில் படும், கம்ப்ளையன்ஸ்காரர் கோர் வாரியாக எண்ணுவார். மூன்றாவது: 2.3 வராமல் 2.25-ல் முடிந்தால் இந்த ஆஃபர் நிற்குமா, நிற்காதா? அதை ஒரு மின்னஞ்சலில் எழுதித் தர முடியுமா? மழுப்பினால் அன்றே டிவிஷன் 2 கோச்சுக்குப் பதில் எழுதுங்கள்.

பிறகு ஒரு சில்லறை வேலை. பட்டம் பெற்ற தேதி அச்சிட்ட இறுதி டிரான்ஸ்கிரிப்டைப் பள்ளிதான் எலிஜிபிலிட்டி சென்டருக்கு நேராக அனுப்ப வேண்டும், வீட்டிலிருந்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். இரண்டு பள்ளிகளில் படித்திருந்தால் இரண்டிலிருந்தும். கோடை வகுப்பை வேறு பள்ளியில் எடுத்திருந்தால் அதன் டிரான்ஸ்கிரிப்ட் தனி. பள்ளிக் கவுன்சிலர் ஜூன் நடுவில் விடுமுறைக்குப் போய்விடுவார், எலிஜிபிலிட்டி சென்டர் தளத்தில் ‘டாஸ்க்’ பட்டியல் திறந்தபடியே கிடக்கும், ஆகஸ்ட் பயிற்சி முகாமில் பையன் ஹெல்மெட் இல்லாமல் ஓரத்தில் நிற்பான். பட்டமளிப்பு விழாவுக்கு மறுநாள் காலையிலேயே பள்ளி அலுவலகத்துக்குப் போய், அனுப்பிவிட்டார்களா என்று திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.